கசப்பு மாத்திரை கொடுத்தால் பூனை நுரை தள்ளுகிறது, என்ன வழி?

கால்மாத்திரை | ஜூன் 4, இரவு 9:12

4 கிலோ பூனை. வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக், 200 மி.கி. மாத்திரையில் கால் பாகம், காலையும் மாலையும், ஏழு நாள் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். பொடித்து வெட் ஃபுட்டில் (பாக்கெட்டில் வரும் ஈர உணவு) கலந்து வைத்தேன். இரண்டு வாய் தின்றது, அப்புறம் வாயெல்லாம் நுரை, கம்பி கம்பியாக எச்சில். இப்போது மருந்தே கலக்காமல் வைத்தாலும் அந்த உணவை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. அடுத்து தேனிலோ சர்க்கரைத் தண்ணீரிலோ கரைத்து சிரிஞ்சில் கொடுக்கலாம் என்று யோசனை. இனிப்பு கசப்பை அமுக்கிவிடும் இல்லையா? இல்லை, நுரை வருவதே மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அடையாளமா?

மீசைநரை | ஜூன் 4, இரவு 9:48

அமுக்காது. பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணர்கிற ஏற்பி இரண்டு புரதம் சேர்ந்து உருவாவது. அதில் ஒன்றுக்கான மரபணு பூனைகளிடம் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005-ல் கண்டுபிடித்தார்கள். புலிக்கும் அதே கதைதான். கசப்பு ஏற்பிகள் மட்டும் பழுதில்லாமல் வேலை செய்கின்றன. ஆக, தேனில் கரைத்தால் அதற்குக் கிடைப்பது பிசுபிசுப்பான கசப்பு. விழுங்க வேண்டிய அளவும் கூடிவிடும்.

நுரை ஒவ்வாமை இல்லை. கசப்பு நாக்கில் பட்ட சில நொடிகளில் எச்சில் சுரப்பி கொட்டும், பூனை தலையை உதறி நாக்கைச் சப்புக்கொட்டும், காற்று கலந்து நுரையாகும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கிவிடும். முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, எச்சில் அரை மணி தாண்டியும் ஒழுகினாலோ, வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ அது வேறு விஷயம், உடனே டாக்டர்.

முதல் வேலை, அந்த வெட் ஃபுட்டை விட்டுத் தள்ளுங்க. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது. ஒரு தடவை கசந்த சாப்பாட்டை அது வாரக்கணக்கில் தொடாமல் இருக்கலாம். உடம்பு சரியில்லாத நேரத்தில் சாப்பாடும் போச்சு என்றால் மருந்தைவிடப் பெரிய தலைவலி. மருந்தை எப்போதுமே அன்றாடச் சாப்பாட்டில் கலக்கக்கூடாது, அதற்கென்று தனியாக ஒரு தின்பண்டம் வேண்டும். சிறுநீரகத்துக்கோ சிறுநீர்ப்பைக்கோ தனி உணவு சாப்பிடுகிற பூனை என்றால் இது இரண்டு மடங்கு முக்கியம், அந்த உணவை வெறுத்துவிட்டால் மாற்று கிடைப்பது கஷ்டம்.

பிறாண்டல் | ஜூன் 4, இரவு 10:03

பூனைக்கு மணி கட்டுறது யாருன்னு கேட்டாங்க. மாத்திரை கொடுக்கிறது யாருன்னு எவனும் கேக்கல, ஏன்னா அதுக்கு யாரும் வரமாட்டாங்கன்னு எலிக்கே தெரியும்.

நாலாம்நம்பர் | ஜூன் 4, இரவு 11:20

பொடித்ததுதான் தவறு. மெட்ரோனிடசோல் மோசமான கசப்புள்ள மருந்துகளில் ஒன்று. மேலே பூச்சு போட்டு விற்பதே அதனால்தான். கால் பாகமாக வெட்டும்போது இரண்டு முகம் பூச்சில்லாமல் திறந்துவிடும். பொடித்தால் எல்லா முகமும் திறந்தாயிற்று. கசப்பை மறைக்கப் பார்க்காதீர்கள், மறையாது. நாக்கில் படாமல் கடத்துவது ஒன்றுதான் வழி.

அதற்குக் காலி ஜெலட்டின் காப்ஸ்யூல் போதும். காப்ஸ்யூல் எண்கள் தலைகீழ்: எண் கூடக் கூட அளவு குறையும். 5-ம் எண் ஏறக்குறைய 11 மி.மீ. நீளம், 0.13 மி.லி. கொள்ளும். 4-ம் எண் 14 மி.மீ., 0.21 மி.லி. 3-ம் எண் 16 மி.மீ., 0.30 மி.லி. பூனைக்கு 4 சரியான அளவு. 3 வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம். பூச்சு போன மாத்திரைத் துண்டோ இரண்டு மூன்று சின்ன மாத்திரையோ எதுவானாலும் ஒரே காப்ஸ்யூலுக்குள் போய்விட்டால் ஒரே விழுங்கல்.

நிரப்பும் முறை:
மாத்திரையை வெட்டுகிற பெட்டியில் வெட்டுங்கள், கத்தியில் வெட்டினால் சிதறும். கால் துண்டு உள்ளே நுழையவில்லை என்றால் இரண்டு மூன்றாக உடையுங்கள், தூளாக்க வேண்டாம். துண்டைப் போட்டு மூடிய பிறகு காப்ஸ்யூலின் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் "காப்ஸ்யூல் போட்டும் நுரை வருதே" என்று கேட்கிறார்கள். வெட்டிய கையில் ஒட்டிய தூள் கண்ணுக்குத் தெரியாது, பூனை நாக்குக்குத் தெரியும். வெட்டிய பிறகு கை கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் காப்ஸ்யூலைத் தொட வேண்டும். ஈரக் கை பட்டால் ஜெலட்டின் ஒட்டும்.

ஏழு நாளுக்கு 14 டோஸ். இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் நிரப்பி, காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் படாமல் வையுங்கள். குளிர்பெட்டியில் வேண்டாம், எடுத்து வெளியே வைத்ததும் வியர்க்கும்.

மீசைநரை | ஜூன் 5, காலை 6:30

காப்ஸ்யூல் சரி. உள்ளே போகவைக்கிற வித்தையைச் சொல்லவில்லையே. எழுதுகிறேன், நீளம்தான், பொறுத்துக்குங்க.

இடம்: சாப்பிடுகிற இடம், தூங்குகிற இடம், மணல் தட்டு வைத்த இடம் மூன்றும் கூடாது. அங்கே கொடுத்தால் அந்த இடத்தையே வெறுக்கும். மணல் தட்டை வெறுத்தால் என்னாகும்னு சொல்ல வேண்டியதில்லை. மேசையோ, துணி மடிக்கிற பலகையோ, மேலே வழுக்காத ஒரு விரிப்பு.

திசை: பூனையின் பின்பக்கம் உங்க வயிற்றைத் தொட்டபடி. எதிரே நின்று கொடுக்கிறவங்கதான் தோற்கிறாங்க. பூனை ஓடுவது முன்னால் இல்லை, பின்னால். பின்னால் சுவர் மாதிரி நீங்க நின்றால் போக இடமில்லை.

துண்டு: எல்லாப் பூனைக்கும் தேவையில்லை. கையை முன்னங்காலால் தள்ளுகிற பூனைக்கு மட்டும். பெரிய குளியல் துண்டில், முன் விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே உட்காரவைங்க. முன் விளிம்பைக் கழுத்தடியில் கொண்டுவந்து, இடப்பக்கத்தை வலமாகவும் வலப்பக்கத்தை இடமாகவும் இறுக்கிச் சுற்றுங்க. முன்னங்கால் இரண்டும் உள்ளே இருக்கணும். கழுத்துக்கும் துண்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையணும். பிடரியைப் பிடித்துத் தூக்குகிற வேலை வேண்டாம், அப்போது பூனை அசையாமல் இருப்பது அடக்கம் இல்லை, பயத்தில் உறைவது.

கை: இடது உள்ளங்கை தலைக்கு மேலே, கட்டைவிரலும் நடுவிரலும் இரண்டு பக்கக் கன்ன எலும்பில். மீசையைச் சேர்த்துப் பிடிக்காதீங்க. மூக்கு கூரையைப் பார்க்கிற வரை தலையை நிமிர்த்தினால் கீழ்த்தாடை தானாகத் தளரும். வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாத்திரை. அதே கையின் நடுவிரலைக் கீழ்க் கோரைப்பற்கள் இரண்டுக்கும் இடையில் இருக்கிற குட்டிப் பற்கள் மேல் வைத்துக் கீழே அழுத்துங்க. வாய் திறக்கும்.

இலக்கு: நாக்கு மேடாக எழும்பி, பின்னால் சரிகிற இடம். நடுக்கோட்டில். பக்கத்தில் விழுந்தால் கடைவாய்ப்பல் கடிக்கும், காப்ஸ்யூல் உடையும், அப்புறம் நுரைத் திருவிழா. போட்டதும் வாயை மூடி, தலையைச் சாதாரண நிலைக்கு இறக்கிடணும். நிமிர்ந்த கழுத்தோடு விழுங்கச் சொல்வது நமக்கே கஷ்டம். தொண்டையை மேலிருந்து கீழாக வருடலாம், மூக்கில் லேசாக ஊதலாம். நாக்கு வெளியே வந்து மூக்கை நக்கினால் விழுங்கியாச்சு.

தண்ணீர்: இது விருப்பம் இல்லை, கட்டாயம். ஊசியில்லாத சிரிஞ்சில் 5 முதல் 6 மி.லி. தண்ணீர், ஒரே தடவையில் இல்லை, ஒவ்வொரு மி.லி.யாக. ஏன் என்று தனியாக எழுதுகிறேன்.

மொத்தமும் பத்து நொடி. மூன்று தடவை முயன்றும் முடியவில்லை என்றால் விட்டுடுங்க, அரை மணி கழித்து வாங்க. நான்காவது முயற்சியில் போராட்டம் மட்டும்தான் கூடும்.

பிறாண்டல் | ஜூன் 5, காலை 7:15

பத்து நொடியாம். பூனையைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுக்கிற இருபது நிமிஷம் கணக்குல வராதா?

மீசைநரை | ஜூன் 5, காலை 7:22

வரும். அதனால்தான் எல்லாத்தையும் முதலில் தயார் பண்ணி வைத்துவிட்டு, கடைசியாகப் பூனையைக் கூப்பிடணும். மாத்திரைப் பட்டையைக் கிழிக்கிற சத்தம்தான் பூனைக்கு எச்சரிக்கை மணி. வேறு அறையில் கிழிங்க.

கால்மாத்திரை | ஜூன் 5, இரவு 8:50

4-ம் எண் காப்ஸ்யூல். முதல் தடவை நாக்கிலேயே ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. இரண்டாம் தடவை அதே காப்ஸ்யூலைப் போட்டபோது மென்மையாகி நசுங்கி நுரை. எங்கே தவறு?

நாலாம்நம்பர் | ஜூன் 5, இரவு 9:31

இரண்டு தவறு, ஒன்று என்னுடையது. உலர்ந்த ஜெலட்டின் ஈர நாக்கில் பட்ட மறுநொடி பசையாகிவிடும் என்று நேற்று எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். காப்ஸ்யூல் மேல் வெண்ணெய் மெல்லிசாகத் தடவ வேண்டும். விரல் நுனியில் மினுமினுப்பு தெரிகிற அளவு போதும், அப்பினால் கைநழுவும். கொழுப்பு இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும், எச்சில் ஜெலட்டினை எட்டவும் சில நொடி கூடுதலாகும். கொழுப்பின் வாசனை பூனைக்கும் பிடிக்கும்.

இரண்டாவது: வெளியே வந்த காப்ஸ்யூலைத் திரும்பப் போடக்கூடாது. அது நனைந்து இளகிவிட்டது. உள்ளே இருக்கும் துண்டை எடுத்துத் துடைத்து, புதுக் காப்ஸ்யூலில் போடுங்கள்.

இன்னொரு வழி, காப்ஸ்யூல் கிடைக்காதவர்களுக்கு: மாத்திரைத் துண்டைச் சுற்றிக் கெட்டி வெண்ணெயை உருட்டி, பட்டாணி அளவில், உறைபெட்டியில் வைத்து எடுத்தால் வழவழப்பான உருண்டை. இதை உருகுவதற்குள் கொடுக்க வேண்டும். கணையம் பாதித்த பூனைக்கும், கொழுப்பு தவிர்க்கச் சொல்லியிருக்கும் பூனைக்கும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

கடைவாய் | ஜூன் 5, இரவு 10:40

எல்லாரும் காப்ஸ்யூல் காப்ஸ்யூல் என்கிறீர்கள். வாய்க்குள் விரலே விட முடியாத பூனைக்கு? திரவ மருந்து சிரிஞ்சில் கொடுப்பது எவ்வளவோ சுலபம். மெட்ரோனிடசோல் பென்சோயேட் என்று ஒரு வடிவம் உண்டு. அது தண்ணீரில் அதிகம் கரையாது, கரையாததால் நாக்குக்கு எட்டுவதில்லை, கசப்பு மிகக் குறைவு. டாக்டரிடம் அதைக் கேட்டு வாங்கலாமே.

1 மி.லி. சிரிஞ்ச். தலையை நிமிர்த்தவே கூடாது, இதில் மாத்திரைக்கு நேர் எதிர். மூக்கு தரைக்கு இணையாக இருக்க, கோரைப்பல்லுக்குப் பின்னால் பல் இல்லாத சின்ன இடைவெளி இருக்கும், அங்கே கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே நுனியை நுழைத்து, 0.2 முதல் 0.3 மி.லி. வீதம் விட்டு, விழுங்கிய பிறகு அடுத்தது. தொண்டையை நோக்கிப் பீய்ச்சினால் புரை ஏறும். நுரையீரலுக்குப் போனால் நிமோனியா.

மீசைநரை | ஜூன் 5, இரவு 11:15

சிரிஞ்ச் முறை நீங்க சொன்னது அட்சரசுத்தம். ஆனால் பென்சோயேட் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, எடை. 200 மி.கி. மெட்ரோனிடசோலுக்குச் சமம் 320 மி.கி. பென்சோயேட். புட்டியில் எழுதியிருக்கிற எண் எதைக் குறிக்கிறது என்று பார்க்காமல் கணக்குப் போட்டால் டோஸ் மாறிப் போகும். இந்த மருந்து கூடிப்போனால் நடை தள்ளாடும், கண்மணி இடமும் வலமும் ஆடும். அதைப் பார்த்தால் அடுத்த டோஸை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன். இரண்டு, பென்சோயேட்டிலிருந்து உடலுக்குள் பிரிகிற பென்சோயிக் அமிலத்தைப் பூனை உடல் மெதுவாகத்தான் வெளியேற்றும். வழக்கமான டோஸில் டாக்டர்கள் கொடுப்பதுதான், ஆனால் நாமாக மாற்றிக்கொள்கிற விஷயம் இல்லை.

சாதாரண மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து சிரிஞ்சில் கொடுப்பதை இதோடு குழப்பிக்காதீங்க. அது முழுக் கசப்பையும் வாய் முழுக்கப் பூசுகிற வேலை. பாதி நுரையோடு வெளியே வரும், எவ்வளவு உள்ளே போச்சு என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் இன்னொரு டோஸ் கொடுக்கவும் முடியாது. கொடுக்காதீங்க, அடுத்த வேளை வரட்டும்.

மருந்துக்கடையில் கிடைக்கிற குழந்தை சிரப் பூனைக்கு என்று யாராவது சொன்னால் ஓடிடுங்க. அதில் ஆல்கஹாலோ, மருந்தைக் கரைக்கச் சேர்க்கிற புரோப்பிலீன் கிளைக்காலோ இருக்கலாம். கடைசியில் சொன்னது பூனையின் சிவப்பணுவைப் பழுதாக்கும். பாராசிட்டமால் என்ற சொல் அட்டையில் இருந்தால் வீட்டுக்குள்ளேயே பூனை பக்கம் கொண்டுபோகக்கூடாது, ஒரு மாத்திரை உயிரை எடுக்கும்.

மீசைநரை | ஜூன் 6, காலை 6:10

நேற்று விட்ட தண்ணீர் விஷயம். பூனையின் உணவுக்குழாய் உலர்ந்த மாத்திரையை வேகமாகத் தள்ளாது. தண்ணீரில்லாமல் விழுங்கிய மாத்திரை பல நிமிடம் நடுவழியில் ஒட்டிக் கிடக்கும். மூக்கை நக்கியதால் வயிற்றுக்குப் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, தொண்டையைத் தாண்டியது என்று மட்டும்தான். மெட்ரோனிடசோலுக்கு இதனால் வருவது அசௌகரியம். டாக்ஸிசைக்ளின், கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் இரண்டும் வேற ஆள்: ஒட்டிய இடத்தைப் புண்ணாக்கி, ஆறும்போது தழும்பு சுருங்கி உணவுக்குழாயே குறுகிப்போகும். அறிகுறி வருவது சில நாள் அல்லது வாரம் கழித்து: சாப்பிட்டதை அப்படியே வெளியே தள்ளுவது. குறிப்பாக டாக்ஸிசைக்ளினின் ஹைக்லேட் என்ற உப்பு வடிவம் அமிலத்தன்மை கொண்டது.

சிரிஞ்ச் தண்ணீரை ஏற்காத பூனைக்கு ஒரு தேக்கரண்டி மெல்லிய வெட் ஃபுட்டோ, உப்பு போடாமல் மீன் வேகவைத்த நீரோ கொடுத்தாலும் மாத்திரை கீழே இறங்கும். அந்த நீரில் வெங்காயம் பூண்டு எதுவும் இருக்கக்கூடாது, அதுவும் சிவப்பணுவைக் கெடுக்கும்.

நாலாம்நம்பர் | ஜூன் 6, காலை 9:02

டாக்ஸிசைக்ளின் பேச்சு வந்ததால் என் வெண்ணெய் யோசனைக்கு ஒரு திருத்தம். டாக்ஸிசைக்ளினும் என்ரோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கும் கால்சியத்தோடு பிணைந்து உடலில் சேராமல் போகும். எனவே அந்த மருந்துகளுக்கு வெண்ணெய் கூடாது.

நாலாம்நம்பர் | ஜூன் 6, காலை 10:40

திருத்தத்துக்கே திருத்தம். வெண்ணெயில் பெரும்பங்கு கொழுப்பு, கால்சியம் சொற்பம், அதுவும் நாம் தடவுவது மினுமினுப்பு அளவு. அது பரவாயில்லை. சீஸ், தயிர், பால் ஆகியவற்றில் பொதிந்து கொடுப்பதுதான் சிக்கல். அவசரப்பட்டுவிட்டேன்.

பிறாண்டல் | ஜூன் 6, காலை 10:44

திருத்தத்துக்குத் திருத்தம்னா மறுபடி முதல்ல இருந்ததுதானே. சுத்திச் சுத்தி வர்றது பூனை வால்தான்னு நெனச்சேன்.

கடைவாய் | ஜூன் 6, மதியம் 1:30

தின்பண்டத்தில் பொதிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. பசியுள்ள, கசப்பில் இன்னும் சூடுபடாத பூனைக்கு இதுதான் முதல் முயற்சியாக இருக்க வேண்டும். வாயைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.

மாத்திரை பொதிக்கவென்றே மெத்தென்ற தின்பண்டம் விற்கிறது, குழிவாக இருக்கும். பூனைகள் அதை மறுக்கப் பெரும்பாலும் காரணம் இதுதான்: மாத்திரை தொட்ட விரலாலேயே தின்பண்டத்தின் வாயை மூடுகிறோம், கசப்பு வெளியே ஒட்டுகிறது. ஒரு கை மாத்திரைக்கு, மறு கை தின்பண்டத்துக்கு. மாத்திரைக் கையால் வெளிப்பக்கத்தைத் தொடவே கூடாது.

அளவு பட்டாணிக்கு மேல் போகக்கூடாது. பெரிதாக இருந்தால் மெல்லும், மென்றால் மாத்திரை உடையும். வரிசை: முதலில் வெறும் உருண்டை ஒன்று, அடுத்து இன்னொரு வெறும் உருண்டை, மூன்றாவது மருந்துள்ளது, அது வாயில் இருக்கும்போதே நான்காவதை மூக்கருகே காட்ட வேண்டும். அடுத்ததைப் பிடிக்கிற அவசரத்தில் மூன்றாவதை மெல்லாமல் விழுங்கும். வீட்டில் இரண்டு பூனை இருந்தால் இன்னொன்றை அறைக்கு வெளியே விடுங்கள், இல்லையென்றால் யார் தின்றது என்ற வழக்கு தீராது.

உணவை லேசாக உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தால் வாசனை எழும். பூனை வாசனையை வைத்துத்தான் முடிவெடுக்கிறது.

கால்மாத்திரை | ஜூன் 6, மதியம் 2:05

அப்படியானால் ஒரு நாள் பட்டினி போட்டுவிட்டு வைத்தால் எதுவானாலும் தின்னுமே?

மீசைநரை | ஜூன் 6, மதியம் 2:11

வேண்டவே வேண்டாம். பூனை பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்க் குவியும். இரண்டு மூன்று நாள் போதும், பருமனான பூனைக்கு இன்னும் சீக்கிரம். ஈரல் கொழுப்பு நோய் வந்தால் குழாய் வைத்து வாரக்கணக்கில் உணவு கொடுக்கணும். இரவுச் சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் நடுவே இயல்பாக வருகிற பசி போதும், மருந்துத் தின்பண்டத்தை அந்தச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் வைங்க. ஒரு நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை என்றாலே டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரம்.

பிறாண்டல் | ஜூன் 6, மாலை 6:48

பூச்சி மாத்திரைக்கும் இதே நுரைதான். அது என்ன மாத்திரையா, வேப்பங்கொட்டையா?

நாலாம்நம்பர் | ஜூன் 6, இரவு 8:20

பிராசிகுவாண்டல். அதில் ஒரு வேடிக்கை. அந்த மூலக்கூறு இடக்கை வலக்கை மாதிரி இரண்டு பிம்பங்களின் சரிபாதிக் கலவை. நாடாப்புழுவைக் கொல்வது ஒன்று. மற்றது கொல்வதில் உதவாக்கரை, ஆனால் கசப்பில் அதுதான் மோசம். அதாவது பூனை நுரை தள்ளுவதில் பெரும்பங்கு, வேலையே செய்யாத பாதிக்கு.

பூச்சி மருந்துக்கு மட்டும் தப்பிக்க வழி உண்டு: பிடரியில் சொட்டு விடும் வடிவில் பிராசிகுவாண்டல் கிடைக்கிறது. நக்க முடியாத இடத்தில், முடியைப் பிரித்துத் தோலில் படும்படி விட வேண்டும். முடி மேல் விட்டால் வீண். நக்கிவிட்டால் மறுபடி நுரை. நாய்க்கு விற்கிற சொட்டு மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள், பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி அதில் இருந்தால் வலிப்பு வரும்.

கால்மாத்திரை | ஜூன் 6, இரவு 9:10

அப்படியானால் எல்லா மருந்தையும் தோலில் தடவுகிற களிம்பாக வாங்க முடியாதா?

நாலாம்நம்பர் | ஜூன் 6, இரவு 9:55

முடியாது. தோலைத் தாண்டி இரத்தத்துக்குப் போதிய அளவு போகிற மருந்துகள் மிகச் சில. தைராய்டுக்கான மெத்திமசோல் காது மடலின் உட்புறத்தில் தடவுவது நிரூபணமான வழி: கையுறை போட்டு, ஒரு வேளை இடக் காது, அடுத்த வேளை வலக் காது, முந்தைய தடவலின் பொருக்கை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு. மாத்திரையைவிட வேலை காட்ட நாள் பிடிக்கும். பசி தூண்டும் மிர்ட்டசபின் களிம்பும் அப்படித்தான். ஆன்டிபயாட்டிக்கைக் களிம்பாக்கி விற்றால் வாங்காதீர்கள். இரத்தத்தில் போதாத அளவு இருந்தால் நோயும் தீராது, கிருமியும் பழகிக்கொள்ளும்.

மாத்திரையே சாத்தியமில்லாத பூனைக்கு ஊசி பற்றி டாக்டரிடம் கேட்கலாம். செஃபோவெசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஒரு ஊசி ஏறக்குறைய 14 நாள் வேலை செய்யும். ஆனால் எல்லாக் கிருமிக்கும் ஒத்துவராது, போட்ட பிறகு திரும்ப எடுக்கவும் முடியாது. மெட்ரோனிடசோலுக்கு அது மாற்று இல்லை.

மீசைநரை | ஜூன் 7, காலை 6:25

காப்ஸ்யூல் யோசனையைப் படித்துவிட்டு யாராவது எல்லா மாத்திரையையும் உடைக்கக் கிளம்பிவிடப் போறாங்க, அதனால் இது. மெதுவாகக் கரைகிற மாத்திரை, குடலில் போய்க் கரையப் பூச்சு போட்ட மாத்திரை இரண்டையும் வெட்டவோ பொடிக்கவோ கூடாது. குளோராம்புசில் மாதிரியான புற்றுநோய் மருந்தை உடைக்கவே கூடாது, பட்டையிலிருந்து எடுக்கவும் கையுறை. மெத்திமசோலைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது.

இன்னொன்று, கடித்துவிட்டால்: பூனைப் பல் ஊசி மாதிரி, ஓட்டை சின்னது, ஆழம் அதிகம், கிருமி உள்ளே பூட்டிக்கொள்ளும். உடனே சோப்புப் போட்டு ஐந்து நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிட்டு, சின்னக் காயம்தானே என்று விடாமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்க. விரல் மூட்டருகே கடித்தால் ஒரு ராத்திரிகூடத் தள்ளக்கூடாது.

கால்மாத்திரை | ஜூன் 8, இரவு 9:20

கடைசி ஐந்து டோஸ் நிலவரம்: 4-ம் எண் காப்ஸ்யூல், மேலே வெண்ணெய், வேறு அறையில் தயாரிப்பு, பின்னாலிருந்து பிடி, பின்னர் 5 மி.லி. தண்ணீர். நான்கு தடவை நுரை இல்லை. ஒரு தடவை லேசான எச்சில், அன்று துணியால் துடைக்க மறந்தது. தண்ணீரை 1 மி.லி. சிரிஞ்சில் ஐந்து தடவை கொடுப்பதைவிட 5 மி.லி. சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவது சுலபம், வாய்க்குள் நுழைப்பது ஒரே தடவை. பழைய வெட் ஃபுட்டை இன்னும் தொடவில்லை, வேறு சுவையில் சாப்பிடுகிறது. மாத்திரையைச் செலுத்தும் குழல் ஒன்று கிடைத்தது, அது தேவையா?

கடைவாய் | ஜூன் 8, இரவு 10:02

விரல் போய்ச்சேர்கிற பூனைக்குத் தேவையில்லை. கடிக்கிற பூனைக்குத் தேவை. நுனி மெல்லிய ரப்பராக இருக்க வேண்டும், கெட்டி பிளாஸ்டிக் அண்ணத்தைக் கீறும். நுனியில் மாத்திரை தளர்வாக உட்கார்ந்தால் வழியிலேயே விழும், இறுக்கமாக உட்கார்ந்தால் அழுத்தும்போது குழல் தொண்டையில் இடிக்கும். முதலில் வெறும் காப்ஸ்யூலைத் தட்டில் இரண்டு மூன்று தடவை தள்ளிப் பார்த்துப் பழகுங்கள். பக்கவாட்டிலிருந்து நுழைத்து, நாக்கின் நடுவுக்குத் திருப்பி அழுத்த வேண்டும், நேராகக் குத்தக்கூடாது.

மருந்து முடிந்த பிறகும் சிரிஞ்சைத் தூக்கி எறிய வேண்டாம். வாரம் இரண்டு தடவை அதே சிரிஞ்சில், அதே மேசையில், 1 மி.லி. மீன் நீர் மட்டும். மேசைக்கு வந்தாலே கசப்புதான் என்பதில்லை என்று தெரிந்தால், அடுத்த மருந்துக்காலம் பாதிச் சண்டையோடு முடியும்.

பிறாண்டல் | ஜூன் 8, இரவு 10:15

ஏழு நாளில் நாலு முடிஞ்சிருக்கு, பூனை ஏற்கெனவே வேறு சாப்பாடு வாங்கிக்கிச்சு. யாரு யாருக்கு மருந்து கொடுக்கிறாங்கன்னு யோசிங்க.

மீசைநரை | ஜூன் 9, காலை 6:05

வயிற்றுப்போக்கு இப்பவே நின்றிருந்தாலும் நாமாக நிறுத்தாதீங்க, எழுதின டாக்டரிடம் கேட்டுட்டு. மீதி ஆறு டோஸுக்கு இரண்டு நாளுக்கான நாலு மட்டும் இன்றைக்கு நிரப்புங்க, கடைசி இரண்டை அப்புறம். மாத்திரையை வெட்டும்போது கால் பாகங்கள் சமமாக வராது, ஒன்று பெரிசு ஒன்று சிறிசாகத்தான் இருக்கும். ஒரே மாத்திரையின் நாலு துண்டையும் அடுத்தடுத்து முடித்துவிட்டு அப்புறம் அடுத்ததை வெட்டுங்க, இரண்டு நாள் கணக்கில் அளவு சரியாகிவிடும்.